போருக்குப் பிந்தைய பிரிட்டனில் மீட்டியோர் பயிற்சி விபத்துகள்: ஒற்றை எஞ்சின் பாடம் தேவைதானா?

வானம்பாடி எழுதியது:

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பிரிட்டிஷ் விமானப்படையில் நடந்த பயிற்சி விபத்துகளைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். குளோஸ்டர் மீட்டியோர் என்ற இரட்டை எஞ்சின் ஜெட் போர் விமான வகை ஒன்றின் கணக்கே மலைக்க வைக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படை மட்டும் 890 மீட்டியோர்களை விபத்துகளிலும் பிறவாறும் இழந்திருக்கிறது. அவற்றில் இறந்த விமானிகள் 450 பேர். 1953ஆம் ஆண்டில் மட்டும் 145 விமானங்கள் போயிருக்கின்றன, அதாவது இரண்டரை நாளுக்கு ஒன்று. எதிரியின் குண்டு பட்டு விழுந்தவை இவற்றில் மிகச் சொற்பம். மற்றவை எல்லாம் யார்க்‌ஷயர், லிங்கன்ஷயர், நார்ஃபோக் போன்ற பகுதிகளின் வயல்களிலும் ஓடுபாதை முனைகளிலும் அமைதிக் காலத்தில் விழுந்தவை.

இந்த இழையில் இரண்டு இருக்கைகள் கொண்ட டி.7 வகையைப் பற்றியே பேச விரும்புகிறேன். 1948 மார்ச் 19 அன்று முதன்முதலில் பறந்த இந்த விமானமே பிரிட்டிஷ் விமானப்படையின் முதல் ஜெட் பயிற்சி விமானம். ஹார்வர்ட் போன்ற, மூக்கில் விசிறி சுழலும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் விமானித் தகுதிக்கான இறகுச் சின்னம் பெற்ற பத்தொன்பது, இருபது வயது இளைஞர்கள், டிரிஃபீல்ட், மிடில்டன் செயின்ட் ஜார்ஜ், ஃபுல் சட்டன் போன்ற தளங்களில் இருந்த மேல்நிலைப் பறத்தல் பள்ளிகளுக்கு வந்து, இதில் சில மணி நேரம் பயிற்றுநருடன் பறந்துவிட்டு, பிறகு ஒற்றை இருக்கை மீட்டியோரில் தனியே ஏறினார்கள்.

அந்தச் சில மணி நேரத்தில் அவர்கள் கட்டாயம் தேற வேண்டிய பாடம், இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றுபோனால் எப்படிப் பறந்து இறங்குவது என்பது. அதைக் கற்பிப்பதற்காகப் பயிற்றுநர் வேண்டுமென்றே ஓர் எஞ்சினை அடக்குவார். தொடக்க ஆண்டுகளில் எரிபொருளையே அடைத்து எஞ்சினை நிஜமாகவே அணைத்துவிடுவதும் உண்டு. உண்மையான எஞ்சின் கோளாற்றில் இறந்தவர்களைக் காட்டிலும், அதற்கான ஒத்திகையில் இறந்தவர்களே அதிகம் என்று அக்காலத்து மீட்டியோர் விமானிகள் பலர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பாடத்தை ஏன் தொடர்ந்தார்கள்? ஒவ்வொரு விபத்துக்கும் விசாரணைக் குழு அமைந்திருந்தும், பாடத்தின் மீது ஏன் பழி விழவில்லை? விமானத்துறை அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

---

பழைய மெக்கானிக் எழுதியது:

நான் விமானியல்ல, இரட்டை எஞ்சின் விமானங்களில் தரைப்பணியாளனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். மீட்டியோரைத் தொட்டதில்லை. ஆனால் இந்த நோய் எல்லா இரட்டை எஞ்சின் விமானங்களுக்கும் உள்ளதுதான், மீட்டியோருக்கு அது முற்றிப்போயிருந்தது, அவ்வளவே.

மீட்டியோருக்கு இரண்டு எஞ்சின்கள் வந்ததன் காரணம், அது வடிவமைக்கப்பட்ட 1940களின் தொடக்கத்தில் ஒரு ஜெட் எஞ்சினின் உந்துவிசை ஒரு போர் விமானத்தைத் தூக்கப் போதுமானதாக இல்லை என்பதே. வடிவமைப்பாளர் ஜார்ஜ் கார்ட்டர் அவற்றை உடற்பகுதிக்குள் ஒட்டி வைக்காமல், இறக்கைகளின் நடுவே, உடலிலிருந்து நன்றாகத் தள்ளிப் பொருத்தினார். பராமரிப்புக்கு அது வரப்பிரசாதம், மூடியைத் திறந்தால் எஞ்சின் கைக்கு எட்டும் என்று படித்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது. பிறகு வந்த டெர்வென்ட் எஞ்சின்கள் ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,600 கிலோ உந்துவிசை தந்தன.

இரட்டை மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு மாடு படுத்துவிட்டால், மற்றது இழுக்க இழுக்க வண்டி படுத்த மாட்டின் பக்கமே திரும்பும். நுகத்தடி எவ்வளவு நீளமோ, திருப்பம் அவ்வளவு கடுமை. அந்தத் திருப்பத்தை எதிர்க்க மீட்டியோர் விமானியிடம் இருந்தது வாலில் உள்ள சுக்கான் ஒன்றுதான். அதை இயக்க நீரழுத்த உதவி கிடையாது. மிதியை அழுத்தும் காலின் பலம்தான் நேராகச் சுக்கானுக்குப் போகிறது. விமானிகள் முழங்காலை நீட்டிப் பூட்டி, முதுகை இருக்கையில் முட்டுக் கொடுத்து மிதிப்பார்கள். சில நிமிடங்களில் தொடை நடுங்க ஆரம்பித்துவிடும்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. ஓர் எஞ்சின் முழு விசையில் ஓடும்போது விமானத்தை நேராக வைத்திருக்கக் கூடிய மிகக் குறைந்த வேகத்தைக் 'கெடு வேகம்' என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகம் விமானத்தைப் பொறுத்தது மட்டுமல்ல, ஓட்டுபவரின் காலையும் பொறுத்தது. நெட்டையான, உரமான ஆளுக்கு ஓர் எண். குட்டையான, மெலிந்த ஆளுக்கு வேறோர் எண். அதனால்தான் பயிற்றுநர் மாணவனை உயரத்துக்கு அழைத்துப் போய், ஓர் எஞ்சினை அடக்கி, வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொல்லி, அவனுடைய கால் எந்த வேகத்தில் தோற்கிறது என்று அவனுக்கே காட்டுவார். உயரத்தில் செய்தால் அது அருமையான பாடம். அதே தவறு தரையிறங்கும்போது நடந்தால் திருத்திக்கொள்ள இடமே இல்லை.

---

கரும்பலகை எழுதியது:

பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள் என்ற முறையில் ஒரு சிறு கணக்கைச் சேர்க்கிறேன். சுக்கானின் மீது காற்று தரும் விசை, வேகத்தின் இருபடிக்கு ஏற்ப மாறும். 150 நாட் (மணிக்கு 150 கடல் மைல்) வேகத்தில் சுக்கான் தரும் விசையை 100 என்று வைத்தால், 120 நாட்டில் அது 64 ஆகிவிடும். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, சுக்கானின் பலமோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் உந்துவிசை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. திருப்பும் விசை குறையாமல், தடுக்கும் விசை மட்டும் சரிகிறது.

எனக்குப் புரியாதது ஒன்றுண்டு. ஒற்றை எஞ்சினில் இறங்கி வரும்போது மிச்சமுள்ள எஞ்சினைப் பாதி விசையில் மட்டும் வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வராதே? ஏன் முழு விசை தர வேண்டி வந்தது?

---

பழைய மெக்கானிக் எழுதியது:

அம்மா, சரியான இடத்தைத் தொட்டீர்கள். இறங்கி வரும்வரை பாதி விசை போதும். கால் வலித்தாலும் சமாளிக்கலாம். ஓடுபாதையைத் தவறவிட்டு, மறுபடி மேலே ஏறிச் சுற்றிவர முடிவெடுக்கும் கணத்தில்தான் எமன் காத்திருந்தான். சக்கரங்களும் இறக்கை மடிப்புகளும் வெளியே இருக்கின்றன; இவை எல்லாம் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கின்றன; வேகம் ஏற்கெனவே குறைவு. இப்போது மேலே ஏற வேண்டுமென்றால் முழு விசை வேண்டும். பதறிய மாணவன் விசைப்பிடியை முன்னே தள்ளுகிறான். எஞ்சின் முழங்கி எழும்போது மூக்கு அணைந்த எஞ்சின் பக்கம் இழுபடுகிறது, அந்தப் பக்க இறக்கை தாழ்கிறது, சில நூறு அடி உயரத்தில் விமானம் மல்லாந்துவிடுகிறது.

பின்னிருக்கையில் இருக்கும் பயிற்றுநருக்கு முன்பக்கம் சரியாகத் தெரியாது. அவருக்கும் மிதிகள் உண்டு, ஆனால் மாணவன் எவ்வளவு அழுத்துகிறான், எப்போது விட்டுவிட்டான் என்பதைத் தன் பாதத்தின் வழியேதான் அவர் அறிய வேண்டும். அறிந்து மிதிப்பதற்குள் காலம் கடந்துவிடும்.

---

தாமிரபரணி எழுதியது:

உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இன்றைய பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 1950ஐப் பார்ப்பது நியாயமல்ல. அன்று முடிவெடுத்த அதிகாரிகள் எந்த உலகத்திலிருந்து வந்தவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். போரில் குண்டுவீச்சுப் படைப்பிரிவு மட்டும் 55,573 பேரை இழந்தது. ஒரே இரவில் பல நூறு பேர் திரும்பாததைப் பார்த்தவர்களுக்கு, வாரத்துக்கு மூன்று மீட்டியோர் விழுவது பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது. அதோடு 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. கட்டாயப் படைச்சேவையை ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாக நீட்டினார்கள். ஐரோப்பாவிலும் அடுத்த போர் வரும் என்று உண்மையாகவே நம்பினார்கள். விமானிகள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள், இருந்த ஜெட் விமானமோ மீட்டியோரும் வாம்பயரும்தான். எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்காமல் ஒரு பையனை இரட்டை எஞ்சின் விமானத்தில் தனியே அனுப்பியிருந்தால், இன்று நீங்களே அதைக் குற்றமாக எழுதியிருப்பீர்கள்.

---

வானம்பாடி எழுதியது:

நண்பர் தாமிரபரணி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. எந்த உயரத்தில், எந்த அளவுக்கு என்பதே என் கேள்வி.

பழக்கப்பட்டுப்போன மனம் என்று நீங்கள் சொன்னதற்கு ஓர் ஒப்பீடு தருகிறேன். மேற்கு ஜெர்மனி 1960களில் ஸ்டார்ஃபைட்டர் விமானங்களை வாங்கியது. மொத்தம் 916 விமானங்கள். அவற்றில் 292 அழிந்தன. இறந்த விமானிகள் 116 பேர். அங்கே அது நாடாளுமன்றத்தை உலுக்கிய அரசியல் நெருக்கடியாக மாறி, 1966இல் ஜொஹானஸ் ஸ்டைன்ஹாஃப் விமானப்படைத் தலைவராகப் பொறுப்பேற்றுப் பயிற்சி முறையையும் பராமரிப்பையும் சீர்செய்ய வேண்டி வந்தது. அந்த விமானத்துக்கு 'விதவையாக்கி' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். மீட்டியோரில் இறந்தவர்களின் எண்ணிக்கை இதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. இரு நாடுகளின் விமான எண்ணிக்கையும் பறந்த மணிகளும் வேறு வேறு என்பதால் இவற்றை நேராக நிறுத்துப் பார்க்க முடியாது என்பதை அறிவேன். இருந்தாலும் பிரிட்டனில் அப்படியொரு புயல் ஏன் எழவில்லை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. விமானிகள் தங்களுக்குள் மீட்டியோரை 'இறைச்சிப் பெட்டி' என்று அழைத்துக்கொண்டார்கள். கசப்பு அங்கே சிரிப்பாகக் கரைந்துவிட்டதோ என்னவோ.

---

லெஸ்டர்வாசி எழுதியது:

பல ஆண்டுகளாக இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வசிக்கிறேன். இங்குள்ள விமான அருங்காட்சியகங்களில் டி.7ஐ அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஒற்றை இருக்கை மீட்டியோரின் குமிழ் போன்ற தெளிவான கண்ணாடி மூடியைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால், இரண்டும் ஒரே குடும்பமா என்று தோன்றும். இரண்டு இருக்கைகளையும் சேர்த்து மூடும் நீண்ட கூண்டு. குறுக்கும் நெடுக்குமாகத் தடித்த உலோகச் சட்டங்கள். இடையிடையே கண்ணாடிப் பலகைகள். முழுக் கூண்டும் ஒரு பெரிய அலமாரிக் கதவைப் போலப் பக்கவாட்டில் திறக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் இருக்கை வெறும் வாளி மாதிரி, பாராசூட்டின் மேல் உட்காரும் பழைய ஏற்பாடு. எஜெக்‌ஷன் இருக்கை, அதாவது ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே எறியும் ஏற்பாடு, கிடையாது.

விமானம் கட்டுப்பாட்டை இழந்தால், அந்தக் கூண்டைக் கழற்றி எறிந்து, வார்களை அவிழ்த்து, எழுந்து, வெளியே குதிக்க வேண்டும். ஜெட் வேகத்தில் காற்று முகத்தில் அறையும். சுழலும் விமானம் ஆளை இருக்கையோடு அழுத்தும். தப்பி வெளியே வந்தாலும் பின்னாலிருக்கும் உயரமான கிடைவால் மோதும் வாய்ப்புண்டு. ஆயிரம் அடிக்குக் கீழே இவற்றை எல்லாம் செய்து முடித்து, பாராசூட்டும் விரிய வேண்டும் என்றால் எப்படி?

இந்த வேறுபாட்டை மிகப் பின்னாளில் நடந்த ஒரு விபத்து கண்முன்னே காட்டிவிட்டது. 1986 மே 25 அன்று மில்டன்ஹால் விமானக் காட்சியில், விமானப்படையே பராமரித்துவந்த ஒரு மீட்டியோர் டி.7உம் ஒரு வாம்பயர் டி.11உம் சேர்ந்து பறந்தபோது மோதிக்கொண்டன. எஜெக்‌ஷன் இருக்கை இருந்த வாம்பயரின் இருவரும் வெளியேறி உயிர்தப்பினார்கள். மீட்டியோரில் இருந்த இருவரும் இறந்தார்கள்.

---

கரும்பலகை எழுதியது:

மில்டன்ஹால் செய்தி மனத்தைப் பிசைகிறது. நான் வேறு ஒரு சொல்லையும் கேள்விப்பட்டிருக்கிறேன். எஞ்சின் இரண்டும் நன்றாக ஓடும்போதே மீட்டியோர் திடீரென்று தலைகுப்புற விழும், அதற்கு 'மாயப் பாய்ச்சல்' போன்ற ஒரு பெயர் வைத்திருந்தார்கள் என்று படித்த நினைவு. அது உண்மையா, கட்டுக்கதையா?

---

பழைய மெக்கானிக் எழுதியது:

உண்மைதான். பெயரில்தான் மாயம், செயலில் வெறும் காற்றியக்கவியல். சற்று நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் நம் இழையின் கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது.

இறங்குவதற்கு முன் விமானம் ஓடுபாதைக்கு இணையாக, எதிர்த்திசையில், சுமார் ஆயிரம் அடி உயரத்தில் பறக்கும். வேகத்தைக் குறைக்க விமானி ஏர்பிரேக்கை விரிப்பார். மீட்டியோரில் அவை உடலுக்கும் எஞ்சினுக்கும் இடையே, இறக்கையின் மேலும் கீழும் முறம்போல எழுந்து நிற்கும் தகடுகள். அவற்றின் பின்னால் காற்று கலங்கி, நேரே வாலை நோக்கிப் போகிறது. வேகம் குறைந்ததும் சக்கரங்களை இறக்குவார். மூன்று சக்கரங்களும் ஒரே நொடியில் இறங்கிவிடுவதில்லை; ஒரு பக்கக் கால் முந்தும், மறுபக்கக் கால் பிந்தும். முந்திய கால் காற்றில் இழுபடுவதால் மூக்கு அந்தப் பக்கம் சிறிது திரும்பும். சாதாரண நிலையில் செங்குத்து வால் உடனே அதை நேராக்கிவிடும். ஏர்பிரேக் விரிந்திருக்கும்போதோ வால் கலங்கிய காற்றில் நனைந்து கிடக்கிறது, அதற்குப் பிடிப்பில்லை. திருப்பம் கூடக்கூட உடலின் நிழல் வாலின் மேல் விழுந்து, மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான உயர்த்தியும் பலமிழக்கிறது. மூக்கு பொத்தென்று கீழே விழுந்து விமானம் புரள்கிறது. விமானி பிடியை இழுக்கிறார், எதுவும் நடப்பதில்லை. ஆயிரம் அடி என்பது சில நொடிகள்தான்.

டி.7க்கு இது கூடுதலாக வந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டாவது ஆளுக்கு இடம் செய்ய முன்பகுதியை 30 அங்குலம் நீட்டினார்கள். மூக்கு நீளமானால் காற்று அதைப் பிடித்துத் திருப்புவது எளிது. ஆனால் வால், ஒற்றை இருக்கை மீட்டியோரின் பழைய வகையான எஃப்.4இன் வட்டமான வால். பின்னால் வந்த எஃப்.8க்குச் சதுரமான, திறமான புது வாலைக் கொடுத்தவர்கள், பயிற்சி விமானங்களைப் பழைய வாலோடுதான் பெரும்பாலும் ஓட்டினார்கள். அனுபவம் இல்லாத பையனுக்குப் பிடிப்புக் குறைந்த வால்.

இதற்கு மருந்து ஒரு வரிதான்: ஏர்பிரேக்கை உள்ளே எடுத்துவிட்டுச் சக்கரத்தை இறக்கு. அந்த ஒரு வரியை மறந்தால் போதும். 1988 மே மாதம் காவென்ட்ரி விமானக் காட்சியில் ஒரு டி.7 விழுந்து அதன் விமானி இறந்தார். நாற்பது ஆண்டு கழித்து நடந்த அந்த விபத்திலும் பேச்சு இந்த ஏர்பிரேக்கைச் சுற்றியே வந்தது.

---

வானம்பாடி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. இதைப் படித்ததும் விசாரணைக் குழுக்களைப் பற்றிய என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. நீங்கள் விவரித்த இரண்டு சாவுகளையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஓடுபாதை அருகே ஒரு விமானம் தாழ்ந்த உயரத்தில் புரண்டு விழுகிறது. உள்ளே இருந்தவர்கள் பேச உயிரோடில்லை. குரலையோ வேகத்தையோ பதிவு செய்யும் கருவி அக்காலத்து விமானத்தில் இல்லை. சிதைவில் எஞ்சின் நன்றாக ஓடியிருப்பதாகத் தெரிந்தால், இயந்திரத்தில் குறையில்லை என்று எழுதலாம். இயந்திரத்தில் குறையில்லை என்றால் மிஞ்சுவது 'விமானியின் தவறு'. ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே பார்த்தால் நேர்மையாகவே எழுதப்பட்டிருக்கும். ஏர்பிரேக்கோடு சக்கரம் இறக்கியவன் தவறு செய்தவன்தான். கெடு வேகத்துக்குக் கீழே முழு விசை கொடுத்தவனும் தவறு செய்தவன்தான். ஆனால் அதே தவறை நூறு பேர் செய்தால் அது எப்படி நூறு தனித்தனித் தவறாகும்? அந்த நூறு கோப்புகளையும் ஒரே மேசையில் பரப்பி வைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

---

தாமிரபரணி எழுதியது:

பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எரிபொருளை அடைத்து எஞ்சினை அணைப்பதைக் கட்டுப்படுத்தியது, இறங்கும் முன் தளத்தைச் சுற்றிவரும்போது ஏர்பிரேக்குக்கு விதி வகுத்தது, போர் விமானமான எஃப்.8க்கு மார்ட்டின் பேக்கர் நிறுவனத்தின் எஜெக்‌ஷன் இருக்கை பொருத்தியது, எல்லாம் யாரோ பார்த்ததால் வந்த மாற்றங்களே. தாமதமாக வந்தன என்று சொல்லுங்கள், ஏற்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லா விபத்தையும் இந்த இரண்டு காரணங்களில் அடக்கிவிட முடியாது. மீட்டியோர் எரிபொருளை விழுங்கும் விமானம். ஒரு மணி நேரத்துக்குள் இறங்கியாக வேண்டும். மேகத்துக்கு மேல் பயிற்சி செய்துவிட்டு, கீழே இறங்கி, மூட்டத்தில் தளத்தைத் தேடிக்கொண்டிருக்கையில் தொட்டி வற்றிப்போனவர்கள் பலர். தரைப் பிரேக்குகளும் வலுவற்றவை. இங்கிலாந்தின் வானிலையும் இதில் பங்காளி.

---

லெஸ்டர்வாசி எழுதியது:

பொதுமக்களிடம் புயல் எழவே இல்லை என்று வானம்பாடி எழுதியதில் சிறு திருத்தம். உள்ளூர் அளவில் எழுந்தது. 1951 ஜூன் 18 அன்று லண்டனுக்குத் தெற்கே பிக்கின் ஹில் தளத்தில் ஒரு மீட்டியோர் மேலெழும்பிய சற்று நேரத்தில், ஓடுபாதை முனைக்கு அப்பால் இருந்த ஒரு வீட்டில் மோதி விழுந்தது. அதே நேரத்தில் இறங்குவதற்காக வந்துகொண்டிருந்த வேறு படைப்பிரிவின் இரண்டு மீட்டியோர்கள், எரியும் சிதைவைச் சுற்றிப் போக முயன்றபோது ஒன்றோடொன்று மோதின. அவற்றின் விமானிகளில் ஒருவர் குதித்தார், பாராசூட் விரியவில்லை. மூவருமே இறந்தார்கள். மூன்று விமானங்களும் நூறு கெஜ வட்டத்துக்குள் கிடந்தன. அடுத்த மாதமே இன்னொரு மீட்டியோர் ஓடுபாதையைத் தாண்டிச் சாலைக்கு வந்து, கார்களை மயிரிழையில் தவறவிட்டது. குடியிருப்போர் திரண்டு முறையிட்டார்கள். கிடைத்தது என்ன தெரியுமா? விமானங்கள் ஏறி இறங்கும்போது பிராம்லி சாலையில் வண்டிகளை நிறுத்தப் போக்குவரத்து விளக்கு.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் அந்த விளக்கைத் தவிர அவர்களால் எதைக் கேட்டுப் பெற்றிருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

இறந்தவர்களின் பெயர்களைப் பற்றியும் ஒரு சேதி. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களாக ஏற்றுக்கொள்வது 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களைத்தான். அன்று நள்ளிரவுக்குப் பிறகு பயிற்சியில் இறந்தவன் போரில் இறந்தவனாக மாட்டான். டி.7 முதன்முதலில் பறந்ததே 1948 மார்ச்சில். ஆக, அதில் இறந்த ஒருவர்கூட அந்தப் பட்டியலில் வர வழியில்லை. ஸ்டாஃபோர்ட்ஷயரில் அல்ரூஸ் என்ற ஊரில் 2007இல் திறந்த படைவீரர் நினைவிடத்தில்தான், போருக்குப் பின் பணியில் இறந்த பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களை ஆண்டு வாரியாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நான் போயிருந்தேன். ஐம்பதுகளின் தொடக்க ஆண்டுகளில் விமானப்படைப் பெயர்கள் சுவரில் இறங்கிக்கொண்டே போகின்றன. எப்படி இறந்தார் என்று எந்தப் பெயருக்கு எதிரேயும் எழுதவில்லை. கொரியாவும் யார்க்‌ஷயரும் அங்கே ஒன்றுதான்.

---

தாமிரபரணி எழுதியது:

1947 டிசம்பர் 31 என்ற எல்லை எனக்குப் புதிய தகவல். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து தன் அண்ணன் பெயரைக் கல்லில் பார்த்த தம்பி, தங்கைகள் இருந்திருப்பார்கள். என் முதல் பதிவில் 'பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது' என்று எழுதினேன். அது மேலதிகாரிகளுக்குப் பொருந்தும். வீட்டுக்குத் தந்தி வந்தவர்களுக்குப் பொருந்தாது. அதைத் திருத்திக்கொள்கிறேன். மற்ற வாதத்தில் மாற்றமில்லை.

---

கரும்பலகை எழுதியது:

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. எஃப்.8க்குப் பொருத்திய இருக்கையை டி.7க்கு ஏன் பொருத்தவில்லை? தொழில்நுட்பம் கையில் இருந்ததே?

---

பழைய மெக்கானிக் எழுதியது:

இருந்தது, அதுவும் மீட்டியோரின் மடியிலேயே வளர்ந்தது. 1946 ஜூலை 24 அன்று மார்ட்டின் பேக்கர் நிறுவனத்தின் பெர்னார்ட் லின்ச், பறக்கும் மீட்டியோரிலிருந்து சோதனை இருக்கையோடு வெளியே எறியப்பட்டு நலமாக இறங்கினார். அதற்குப் பிறகும் அந்த நிறுவனம் இருக்கைகளைச் சோதிக்க மீட்டியோர்களையே வைத்துக்கொண்டது. எல்லாவற்றிலும் விந்தை 1955 செப்டம்பர் 3 அன்று இங்கிலாந்தின் சால்குரோவ் விமானத் தளத்தில் நடந்தது. விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பாமல் மணிக்கு சுமார் 120 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் பின் காக்பிட்டிலிருந்து ஜான் ஃபிஃபீல்ட் என்ற விமானப்படை அதிகாரி இருக்கையோடு எறியப்பட்டு, பாராசூட் விரிந்து உயிரோடு தரைக்கு வந்தார். அந்த விமானம் டபிள்யூ.ஏ.634 என்ற எண் கொண்ட, மாற்றியமைத்த மீட்டியோர் டி.7. பள்ளிகளில் எந்தப் பின்னிருக்கையில் பயிற்றுநர்கள் தப்ப வழியின்றி உட்கார்ந்திருந்தார்களோ, அதே வகை விமானத்தின் அதே பின்னிடம்.

பட்டறைக்காரன் கண்ணால் பார்த்தால், பொருத்தாததன் காரணம் கொடுமை அல்ல, வேலை. எஜெக்‌ஷன் இருக்கை உயரமானது, கனமானது. துப்பாக்கிபோல் வெடித்து மேலே போவது. அதற்குத் தண்டவாளம் வேண்டும், அதைத் தாங்கும் சட்டம் வேண்டும், லெஸ்டர்வாசி சொன்ன அந்த அலமாரிக் கூண்டை எறிந்துவிட்டுத் தெளிவான புதுக் கூண்டு வேண்டும். ஒன்றிரண்டு சோதனை விமானங்களுக்கு இதைச் செய்யலாம். அறுநூறுக்கு மேல் கட்டி, பள்ளிகளில் நாள்தோறும் பறந்துகொண்டிருக்கும் விமானங்களை வரிசையாக நிறுத்திப் பிரித்துக் கோர்த்தால், அந்த மாதங்களில் மாணவர்கள் எதில் பறப்பார்கள்? அவசர காலத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல விரும்பியிருக்க மாட்டார்கள்.

இருக்கை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1956 பிப்ரவரி 8ஐப் பாருங்கள். வெஸ்ட் ரெய்ன்ஹாம் தளத்திலிருந்து பயிற்சிக்கு எழும்பிய, எஜெக்‌ஷன் இருக்கை கொண்ட எட்டு ஹண்டர் போர் விமானங்களில் ஆறு, மூடுபனியில் எரிபொருள் தீர்ந்து ஒரே நாளில் அழிந்தன. இறந்தவர் ஒருவர். ஆறு டி.7கள் அப்படி விழுந்திருந்தால் எண்ணிக்கை என்னவாகியிருக்கும்?

---

வானம்பாடி எழுதியது:

கரும்பலகை அம்மாவின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது. ஐம்பதுகளின் நடுவில் பள்ளிகள் வாம்பயர் டி.11க்கு மாறின. அதில் எஞ்சின் ஒன்றுதான், அதுவும் உடலின் நடுவே. ஒரு பக்கம் இழுக்கும் தொல்லையே இல்லை. மாணவனும் பயிற்றுநரும் அருகருகே அமர்ந்தார்கள். அந்த விமானத்துக்கும் முதலில் எஜெக்‌ஷன் இருக்கை இல்லாமல், பிறகுதான் புதுக் கூண்டோடு சேர்ந்து வந்தது. டி.7இல் முடியாதது அங்கே எப்படி முடிந்தது, எத்தனை விமானங்களை அதற்காக நிறுத்தி வைத்தார்கள் என்பதை அடுத்த இழையில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பழைய மெக்கானிக் ஐயா, வாம்பயரில் கை வைத்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

---

பழைய மெக்கானிக் எழுதியது:

நேரில் இல்லை. என்னோடு வேலை பார்த்த மூத்தவர் ஒருவருக்கு உண்டு. மரமும் உலோகமும் சேர்த்து ஒட்டிய உடல் அது. இழையைத் தொடங்குங்கள், அவரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.